நலுங்கு மாவுக்கு மாறப் போகிறீர்களா? கடையில் வாங்குவது முதல் குளித்து முடிப்பது வரை

சோப்பை விட்டுவிட்டு, பருப்போடு காய்ந்த பூவும் வேரும் சேர்த்து அரைத்த குளியல் பொடியான நலுங்கு மாவுக்கு மாறலாம் என்று வாயைத் திறந்தாலே போதும், ஆளுக்கொரு பட்டியல் வந்துவிடும். ஒருவர் பத்துப் பொருள் சொல்வார், அடுத்தவர் இருபத்தைந்து சொல்வார். ஆனால் எதை எங்கே வாங்குவது, மொத்தம் என்ன செலவாகும், எந்த மில்லில் அரைத்துத் தருவார்கள், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், யாருக்கு ஆகாது என்று கேளுங்கள், பதில் வராது. இதையெல்லாம் நான் கடை கடையாக அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் கூடக் கூடப் பொடி உயர்ந்ததாகிவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். குறைவான பொருள்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தவை, முழுக்கக் காய்ந்தவை. நல்ல பொடிக்கு இவ்வளவு போதும்.

1. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

கை கழுவும் சோப்பை மாற்றாதீர்கள். கழிப்பறை போய் வந்த பிறகும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும் சோப்புப் போட்டு 20 வினாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பயற்றம் பொடியோ வேப்பிலைத் தண்ணீரோ அந்த வேலையைச் செய்யாது. இயற்கைக்கு மாறுகிறோம் என்று வீட்டில் இருக்கிற சோப்பையெல்லாம் எடுத்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் வீட்டுக்குள் வர அதுவே வழி.

மாற்றலாம் என்பது உடம்புக் குளியல் சோப்பைத்தான். நம் தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான கட்டிச் சோப்பு 9, 10 அளவில் காரத் தன்மை கொண்டது. குளித்து வந்ததும் கன்னம் இழுத்துப் பிடிப்பதும், முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகச் செதில் பூப்பதும் பெரும்பாலும் இதனால்தான். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னொரு சங்கடமும் சேரும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகித் தோலிலும் வாளியிலும் படியும். பயற்றம் மாவு அப்படிப் படியாது. அழுக்கையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டு தண்ணீரோடு போய்விடும்.

நுரை வராது. முதல் சில நாள் குளித்த மாதிரியே இருக்காது. அதை எதிர்பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். தோலின் மேல் அடுக்கு புதுப்பிக்கப்படச் சுமார் நான்கு வாரம் ஆகும். ஆகவே ஒரு மாதமாவது பார்த்துவிட்டு ஒத்துவருகிறதா இல்லையா என்று முடிவு செய்யலாம்.

2. முதல் பட்டியலில் மூன்றே பொருள்

பாசிப்பருப்பு 500 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 100 கிராம், வெட்டிவேர் 25 கிராம். முதல் தடவைக்கு இவை போதும். தோலோடு உள்ள பச்சைப் பயற்றைப் போட்டால் பொடி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். முகத்துக்கும் மெல்லிய தோலுக்கும் தோல் நீக்கிய பருப்புதான் மென்மை. ஆவாரம்பூ மாவின் பருப்பு வாடையைக் குறைக்கும். வெட்டிவேர் வாசனைக்காக.

பத்துப் பொருளைச் சேர்த்து அரைத்துவிட்டு மூன்றாம் நாள் கழுத்தில் அரிப்பு வந்தால், எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தப் பொடியும் குப்பைக்குப் போகும். மூன்று பொருள் என்றால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மாதம் கழித்து, ஒத்துக்கொண்டது என்று தெரிந்தபின், அடுத்த அரவையில் ஒரே ஒரு பொருளைக் கூட்டுங்கள்: காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம், அல்லது பூலாங்கிழங்கு 50 கிராம், அல்லது கோரைக்கிழங்கு 25 கிராம்.

செலவு? மூன்று பொருளும் அரவைக் கூலியும் சேர்த்து ஏறக்குறைய 250 ரூபாய்க்குள் முடியும். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விலை மாறும். விலையைக் கூட்டுவது வெட்டிவேர்தான். கையில் பணம் குறைவு என்றால் அதை விட்டுவிடுங்கள், சுத்தம் செய்யும் வேலைக்கு அது தேவையில்லை. ஒருவர் தினம் ஒரு வேளை, தேவையான இடங்களுக்கு மட்டும் இரண்டு தேக்கரண்டி பயன்படுத்தினால் இந்த அளவு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வரும்.

3. நாட்டு மருந்துக் கடையில் எப்படி வாங்குவது

சென்னையில் இருப்பவர்கள் பார்க் டவுன் ராசப்ப செட்டி தெருவுக்குப் போகலாம், மொத்த விலைக் கடைகள் அங்கேதான் அதிகம். மற்ற ஊர்களில் பெரும்பாலும் பழைய கடைத்தெருவை ஒட்டி நாட்டு மருந்துக் கடை இருக்கும். திருவிழா, முகூர்த்த நாள்களில் போகாதீர்கள். பூஜைச் சாமான் வாங்கும் கூட்டத்தில் உங்களுக்கு எதையும் எடுத்துக் காட்ட நேரம் இருக்காது. வார நாளில், மதியத்துக்கு முன் போங்கள்.

பட்டியலைத் தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோங்கள், அளவோடு. வாயால் சொன்னால் கடைப் பையன் கூட நாலு பொருளைப் போட்டு “நலுங்கு மாவு செட்” என்று ஒரு பையைக் கட்டித் தந்துவிடுவார். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. எதையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். பில்லையும் வாங்கி, பட்டியல் தாளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பின்னால் அரிப்பு, தடிப்பு என்று டாக்டரிடம் போக நேர்ந்தால் இந்த இரண்டும்தான் உங்கள் ஆவணம்.

பார்த்து வாங்க வேண்டியவை:

ஆவாரம்பூ மஞ்சள் நிறம் மங்காமல் இருக்க வேண்டும். பழுப்பாகி, கையில் எடுத்தால் ஈரமாகச் சுருண்டால் வேண்டாம். பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

வெட்டிவேரில் மண் ஒட்டியிருந்தால் எடை ஏமாற்று. உதறிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள்.

கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளும் விற்கிறார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிறிய நிறமாக, கற்பூர வாசத்தோடு இருக்கும். உடைத்ததும் பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சளாகத் தெரிந்தால் அது வேறு. நிச்சயம் தெரியாவிட்டால் வாங்காமலே வந்துவிடுங்கள், பொடிக்கு அது இன்றியமையாததில்லை.

எந்த மஞ்சளாக இருந்தாலும் முழுக் கிழங்காகத்தான் வாங்க வேண்டும். மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் கலப்படம் நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் பிடிபட்டிருக்கிறது.

4. பழைய பட்டியல்களில் இருந்தாலும் சேர்க்கக் கூடாதவை

கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

கார்போகரிசி. பல பட்டியல்களில் இருக்கும், கடைக்காரரும் “இது இல்லாமல் நலுங்கு மாவா?” என்பார். அதில் சோராலன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தோலில் அது பட்ட பிறகு வெயில் பட்டால் தோல் வெந்து சிவந்து கொப்புளம் கட்டலாம், பிறகு கருந்திட்டாக மாறி மாதக்கணக்கில் நிற்கலாம். வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்கிறவர்கள் சோராலனையும் வெயிலையும் அளவாகச் சேர்த்துப் பயன்படுத்துவது இதே குணத்தை வைத்துத்தான். வைத்தியர் கண்காணிப்பில் செய்ய வேண்டியதைக் காலையில் பூசிக் குளித்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பது ஆபத்து.

எலுமிச்சைச் சாறும் எலுமிச்சைத் தோல் பொடியும் இதே வகை. எலுமிச்சையிலும் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடுகிற பொருள்கள் உண்டு. போதாததற்குச் சாறு கடும் புளிப்பு. முகம் வெளுக்கும் என்று தேய்த்துவிட்டு வெயிலில் போனவர்களுக்கு முகம் கறுத்துப்போவது இதனால்தான்.

சமையல் சோடா வேண்டாம், சோப்பைப் போலவே காரம். முல்தானி மண் எண்ணெய் வழியும் முகத்துக்கு எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. தினக் குளியல் பொடியில் சேர்த்தால் வறட்சிதான் மிஞ்சும்.

வாதுமை, வேர்க்கடலை, கோதுமைத் தவிடு போன்றவற்றைச் சேர்க்கும் முன் வீட்டில் யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோயால் வெடித்த தோலில் எந்தத் தானிய மாவையும் தேய்க்காதீர்கள். பழுதான தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், பிறகு அந்த உணவைச் சாப்பிடும்போதே ஒவ்வாமை வரலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய ஏராளமானவர்களுக்குக் கோதுமை உணவே ஒத்துக்கொள்ளாமல் போனது, 2011-ல் அந்தச் சோப்பைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

கைக்குழந்தைகளுக்கு இந்தப் பொடியே வேண்டாம். பிறந்த குழந்தைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பொடி பறந்து மூச்சுக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. மருதாணியும் கைக்குழந்தைக்குப் பூசாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும்.

5. காயவைத்தல்: இதில் அவசரம் கூடாது

பொடி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் ஈரம். பருப்பைத் தண்ணீரில் அலசாதீர்கள், சுத்தமான ஈரமில்லாத துணியால் தேய்த்துத் தூசியை எடுத்தால் போதும். பிறகு இரண்டு நாள் நல்ல வெயில். வெட்டிவேரை மட்டும் ஒருமுறை அலசி, விரல் கணு நீளத்துக்குக் கத்தரித்து, மூன்று நாள் வெயிலில் போடுங்கள். நறுக்காமல் கொண்டுபோனால் நார் மில்லில் சுற்றிக்கொள்ளும், அரைத்துத் தர மாட்டார்கள். ஆவாரம்பூவும் ரோஜா இதழும் நிழலில் காய வேண்டும், கடைசி ஒரு மணி நேரம் வெயில் காட்டினால் நொறுநொறுவென்று ஆகும். கையில் நசுக்கினால் பொடியாக உதிர வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

தமிழ்நாட்டில் மாசி முதல் ஆவணி வரை இதற்கு நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புதிதாக அரைக்காதீர்கள். அந்த மூன்று மாதத்துக்கான பொடியைப் புரட்டாசிக்குள் அரைத்து வைத்துவிடுவது நல்லது. மொட்டை மாடி இல்லாத அடுக்கக வீட்டில் இருப்பவர்கள், ஜன்னலோரம் தாம்பாளத்தில் பரப்பி நாள் கணக்கை இரட்டிப்பாக்குங்கள்.

6. அரைத்தல், சலித்தல், பத்திரப்படுத்தல்

மில்லுக்குப் போகும் முன் ஒரு முறை நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு கேள்வி: நலுங்கு மாவு அரைப்பீர்களா? எந்த இயந்திரத்தில்? மிளகாய், மல்லி அரைக்கும் இயந்திரத்தில் அரைத்த பொடியைப் பூசினால் உடம்பு முழுக்க எரியும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். சில மில்களில் சீயக்காய்க்குத் தனி இயந்திரம் வைத்திருப்பார்கள், அதுதான் சரி. அது இல்லையென்றால் அரிசி மாவு அரைக்கும் இயந்திரத்தில், அரிசி ஓடிய உடனே போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் பல மில்களில் வாங்க மாட்டார்கள். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து அரைப்பது சுலபம்.

மிக்ஸியில் அரைப்பதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வெட்டிவேர் மிக்ஸி பிளேடில் சிக்கும். அதை அரைக்காமல் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி, பொடி டப்பாவுக்குள் போட்டு வைத்தாலே வாசம் ஏறும்.

அரைத்த பொடி சூடாக இருக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும். காகிதத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டுச் சலியுங்கள். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். முகத்துக்கு என்றால் மெல்லிய துணியில் இன்னொரு முறை. சலித்து மிஞ்சும் கப்பியை “ஸ்க்ரப்” என்று சொல்லித் தோலில் தேய்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். செடிக்குப் போட்டுவிடுங்கள்.

பெரிய டப்பா சமையலறை அலமாரியில், வாரத்துக்கு வேண்டியது மட்டும் சின்ன டப்பாவில் குளியலறையில். ஈரக் கையை உள்ளே விடாமல் காய்ந்த கரண்டி போட்டு வையுங்கள். பருப்பு டப்பாவில் வண்டு வராமல் இருக்கக் காய்ந்த மிளகாய் போடும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மூடியின் மேல் அரைத்த தேதியையும் பொருள்களின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது என் பழக்கம். வாடை மாறினாலோ, கட்டிகட்டியாக ஆனாலோ, வண்டு தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள்.

7. உடம்பில் போடும் முன் ஒரு வாரச் சோதனை

முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் பொடியைக் குழைத்து, குளிக்கும்போது எவ்வளவு நேரம் தோலில் இருக்குமோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஏழு நாள், அதே இடம். ஒரு நாள் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஒவ்வாமை பல நேரம் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். சிவப்பு, அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மூன்று பொருளையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். “முதலில் அப்படித்தான் இருக்கும், உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரிப்பு என்றால் தோல் வேண்டாம் என்கிறது.

8. குளிக்கும் முறை

வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். வெதுவெதுப்பு போதும், கோடையில் பச்சைத் தண்ணீரே நல்லது. முதலில் உடம்பை நனையுங்கள். இரண்டு தேக்கரண்டிப் பொடியைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுத் தளதளவென்று குழைத்து, அக்குள், தொடை இடுக்கு, கழுத்து, மார்பு, முதுகு, பாதம் என்று வியர்வையும் அழுக்கும் சேரும் இடங்களில் பூசுங்கள். கை காலின் மற்ற பகுதிகளுக்குத் தினம் பொடி தேவையில்லை, தண்ணீரே போதும். உள்ளங்கையால் மெதுவாகத் தடவி உடனே கழுவிவிடுங்கள். பூசிவிட்டு இறுகக் காயும்வரை காத்திருந்து உரித்தெடுப்பது தோலின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

பெண்களுக்கு ஒரு சொல். பிறப்புறுப்பின் உள்ளே பொடி, மஞ்சள், சோப்பு எதுவும் போகக் கூடாது. அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். மாதவிடாய் நாள்களில் நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில்தான் உலர்த்த வேண்டும். மறைவிடம் என்று கட்டிலடியில் உலர்த்தினால் கிருமி போகாது.

குளித்த மூன்று நிமிடத்துக்குள், உடம்பில் லேசாக ஈரம் இருக்கும்போதே, கை காலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஈரத்தை அது உள்ளேயே தேக்கும். பரு வருகிற முகத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும்.

சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கு இந்தப் பொடி எண்ணெயை நன்றாக எடுக்கும். தலைக்கு மட்டும் சீயக்காயோ அரப்போ போடுங்கள், பயற்றம் மாவு முடியில் ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் லேசில் போகாது. குளியலறைத் தரை வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தரையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இடுப்பு எலும்பு முறிவு ஒரு குளியலுக்குக் கொடுக்கிற விலை இல்லை.

வடிகாலில் சின்னத் துளை வலை ஒன்று போட்டுவிடுங்கள், கடையில் 50 ரூபாய்க்குள் கிடைக்கும். பருப்பு மாவு குழாய்க்குள் படிந்து புளித்து அடைத்துக்கொள்ளும். வாடகை வீட்டிலும் விடுதியிலும் இருப்பவர்களுக்கு இது பெரிய சண்டையில் போய் முடியும்.

9. பொடியால் ஆகாதவை: வியர்வை, துணி, வெயில், தூக்கம்

உடம்பு நாற்றம் வியர்வையால் மட்டும் வருவதில்லை. அக்குளில் சுரக்கும் வியர்வையைத் தோலில் வாழும் பாக்டீரியா சிதைக்கும்போது வருகிறது. குளித்துத் துடைத்தபின் படிகாரக் கட்டியை நனைத்து அக்குளில் ஒருமுறை தடவுங்கள். அது அந்தப் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும். நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், மாதக்கணக்கில் வரும். மழித்த அன்று தடவினால் எரியும், ஒரு நாள் விடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊர்களில் தோல் வியாதிகள் பலவும் ஈரத் துணியால் வருகின்றன. தொடை இடுக்கையும் கால் விரல் இடுக்கையும் குளித்தபின் தனியாகத் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளாடை பருத்தி, இறுக்கமில்லாதது, தினம் துவைத்து உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் உலர்த்தியது. ஜீன்ஸைத் துவைக்காமல் வாரக்கணக்கில் போடுவது படர்தாமரைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. துண்டு, சீப்பு, ரேஸர் மூன்றும் ஆளுக்கு ஒன்று, விடுதியில் நண்பரானாலும் சரி. தலையணை உறை வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

சந்தனமோ மஞ்சளோ வெயிலைத் தடுக்காது. காலை 10 முதல் மாலை 4 வரை குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி. வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள் முகத்துக்குச் சன்ஸ்க்ரீன் போடத் தயங்க வேண்டாம், அது இயற்கைக்கு விரோதமில்லை.

உணவில் பெரிதாகப் பத்தியம் சொல்ல மாட்டேன். பரு அதிகம் உள்ளவர்கள் சர்க்கரை, மைதா, இனிப்புப் பானங்களைக் குறைத்துப் பார்க்கலாம், சிலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். ஏழு, எட்டு மணி நேரத் தூக்கம் இல்லாமல் எந்தப் பொடியும் கண்ணடிக் கருவளையத்தைப் போக்காது.

10. ரெடிமேடாக வாங்கினால், விற்க நினைத்தால்

அரைக்க நேரமில்லை, வாங்கத்தான் முடியும் என்றால் பொட்டலத்தைத் திருப்பி இவற்றைப் பாருங்கள்: தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பொருள்களின் பட்டியல். “100 சதவீதம் இயற்கை” என்று மட்டும் எழுதி, பட்டியல் இல்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஏழு நாளில் சிவப்பழகு என்று விற்கும் கிரீம்களை, மூலிகை என்று எழுதியிருந்தாலும், தொடாதீர்கள். பாதரசம் கலந்தவை அதில் உண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது தெரியவந்தது.

வீட்டில் அரைத்தது நன்றாக வந்ததும் விற்கலாம் என்று பலருக்குத் தோன்றும். குளியல் பொடியும் அழகுசாதனப் பொருள்தான். 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். விண்ணப்பம் சிஓஎஸ்-5 படிவம், கிடைக்கும் உரிமம் சிஓஎஸ்-8. சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், போதாது. கரப்பான் போகும், சொரியாசிஸ் குணமாகும் என்று லேபிளில் எழுதிவிட்டால் அது மருந்தாகிவிடும், அதற்கு ஆயுஷ் உரிமம் வேறு. உரிமத்துக்கு முதலீடு செய்யும் முன்பே இதை எல்லாம் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

11. எப்போது பொடியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவது

வட்ட வட்டமாக ஓரம் தடித்து அரிக்கும் படர்தாமரைக்கு வேப்பிலை அரைத்துப் பூசி நாளைக் கடத்தாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசுவது அதைவிட மோசம். அப்படித் தருகிற கிரீம்கள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், தோல் மெலியும். இந்த வகைப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. முறையான வைத்தியம் வாரக்கணக்கில் நீளும். மறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல், டாக்டர் சொன்ன நாள்வரை பூச வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் சேர்ந்தே காட்டுங்கள்.

வெளிறிய திட்டு, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருந்தால் மாத்திரை அரசு இலவசமாகத் தருகிறது, முழுக்கக் குணமாகும். தாமதித்தால்தான் கை காலில் ஊனம் வரும். முகமும் உதடும் வீங்கினால், மூச்சுத் திணறினால், காய்ச்சலோடு சிவப்பு பரவினால், வாயிலும் கண்ணிலும் கொப்புளம் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்கு.

மற்றபடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, புறநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், சீட்டு பதியும் வரிசை நீளும். சித்த வைத்தியம் விரும்புகிறவர்களுக்குச் சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, கைபேசி எண், பழைய மருந்துச் சீட்டுகள், இதுவரை பூசிய எல்லா கிரீம்களின் டியூப் (காலியாக இருந்தாலும்), சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்துக் கடைப் பில், உங்கள் பொடியின் பட்டியல், சின்னப் பொட்டலத்தில் கொஞ்சம் பொடி. தடிப்பு வந்து வந்து மறைகிறது என்றால், வந்திருக்கும்போது பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கொப்புளமும் பூஞ்சையும் அடிக்கடி வருகிறவர்கள் சர்க்கரை அளவு பார்த்த சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், நீரிழிவு இருந்தால் அப்படி வரும்.

போகிற அன்று தோலில் மஞ்சளோ பொடியோ எண்ணெயோ பூசாதீர்கள். மஞ்சள் நிறத்துக்குக் கீழே சிவப்பு தெரியாது. பொடியை மறுபடி எப்போது தொடங்கலாம், எந்தப் பொருளை விட வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு, சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.